ஓபராவுக்கு ஒட்டப்பட்ட மூன்று எண்கள்

போலந்தின் தேசிய ஓபரா எனப் போற்றப்படும் ‘ஹல்கா’வின் ஒலிப்பதிவை டிஜே மென்பொருள் ஒன்றில் ஏற்றினால், ஒவ்வொரு டிராக்குக்கும் எதிரே மூன்று விவரங்கள் வந்து விழும். முதலாவது பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு. இரண்டாவது கீ: எந்த ஸ்வரம் ஆதாரம், மேஜரா மைனரா என்பது. மூன்றாவது 8ஏ, 3பி போன்ற குறியீடு. எந்தப் பாட்டோடு சேர்த்தால் காதுக்கு உறுத்தாது என்பதை அது சொல்லும். மூன்றும் நடன இசைக்காக ஒன்று சேர்க்கப்பட்டவை. ஆனால் அவற்றின் வேர்கள் டிஜேக்களைவிட மிகப் பழையவை. ஒரு வேர் இந்த ஓபரா பிறந்த ஊரிலேயே இருக்கிறது.

அந்த ஊர் வில்னியூஸ். ஸ்தனிஸ்வாவ் மொனியுஷ்கோ அங்கே தூய யோவான் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். மலைக்கிராமப் பெண்ணைப் பிரபு ஒருவன் ஏமாற்றிக் கைவிடும் கதையை இரண்டு அங்கங்களாக அமைத்து, 1848 ஜனவரி 1 அன்று மேடையலங்காரம் இல்லாத கச்சேரியாக அங்கேயே அரங்கேற்றினார். வார்சாவை எட்ட மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1858 ஜனவரி 1 அன்று அங்கே ஒலித்தது நான்கு அங்கங்களாக வளர்ந்த வடிவம். முதல் வடிவத்தில் பாரிட்டோன் குரலுக்கு எழுதப்பட்டிருந்த யோன்தெக் என்ற பாத்திரம் இதில் உச்சக் குரலான டெனருக்கு மாறியது. ஆகவே ‘ஹல்காவின் கீ’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த வடிவம், எந்தப் பகுதி என்று கேட்டாக வேண்டும்.

அதே வில்னியூஸில் படித்தவர் 17ஆம் நூற்றாண்டு இசையறிஞர் மிகோலா தில்யெத்ஸ்கி. 1670களின் இறுதியில் அவர் எழுதிய இசை இலக்கண நூலில், பஞ்சம இடைவெளியில் கீகளை வட்டமாக அடுக்கிய படம் வருகிறது. இன்று கிடைப்பவற்றில் இத்தகைய முதல் படமாகப் பொதுவாகக் கருதப்படுவது இதுதான். பிற்காலத்தில் மார்க் டேவிஸ் என்ற அமெரிக்கர் அதே வட்டத்துக்குக் கடிகாரம் போல 1 முதல் 12 வரை எண்ணிட்டு, மைனருக்கு ஏ, மேஜருக்கு பி என்ற எழுத்தைச் சேர்த்தார். கேமலாட் சக்கரம் என்பது இதுவே. ஏ மைனர் 8ஏ. சி மேஜர் 8பி. அதே எண்ணுக்குள்ளோ, எழுத்தை மாற்றாமல் ஓர் எண் முன்பின்னாகவோ நகர்ந்தால் இரண்டு பாட்டுகள் ஒத்துப்போகும். இசைக் கோட்பாடு படிக்காதவரும் கையாளக்கூடிய விதி இது. அதன் பெருமையும் அதுவே.

கீயைக் கணினி கண்டுபிடிக்கும் முறைக்கு உளவியல் ஆய்வு ஒன்று அடித்தளம். 1982இல் கரோல் க்ரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும், ஒரு கீயில் பன்னிரண்டு ஸ்வரங்களில் எது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பதிவில் எந்த ஸ்வரம் எவ்வளவு ஒலிக்கிறது என்று கணக்கிட்டு, அத்தகைய 24 மாதிரிகளோடு ஒப்பிடுவது இதில் பரவலான வழி. ஓபராவில் இது தடுமாறும். ஒரே டிராக்கில் பேச்சுநடைப் பாட்டு, ஏரியா எனும் தனிப்பாடல், கோரஸ் என்று கீ மாறிக்கொண்டே போக, மென்பொருள் ஒன்றை மட்டும் தேர்ந்து எழுதிவிடுகிறது. பாடகரின் அகன்ற விப்ராட்டோவும், அதாவது குரலின் அலைவும், அதைக் குழப்பும்.

பழைய இசைத்தட்டுகளில் சிக்கல் இன்னும் பெரிது. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும். அரை ஸ்வரம் சின்ன வித்தியாசம்தான். ஆனால் சக்கரத்தில் அது 8ஏயிலிருந்து 3ஏக்குத் தாவல், அதாவது ஏறக்குறைய எதிர்ப்புறம். ஆதார சுருதியும் ஒரே இடத்தில் நின்றதில்லை. வார்சா அரங்கேற்றத்துக்கு அடுத்த ஆண்டுதான் பிரான்ஸ் ஏ ஸ்வரத்தை 435 ஹெர்ட்ஸ் என்று சட்டமாக்கியது. 440 என்ற அளவு 1939இல் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது.

வேகத்துக்கு மேல்ஸெல் 1815இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் எண் தந்தது. என்றாலும் ஓபராப் பாடகர் அந்தச் சொடுக்குக்குக் கட்டுப்படுவதில்லை. உச்ச ஸ்வரத்தில் அவர் நின்றால் இசைக்குழுவும் நிற்கும். ஏரியாவுக்கு எதிரே காணும் பிபிஎம் பெரும்பாலும் ஒரு சராசரி, சில சமயம் வெறும் ஊகம். 80 என்பதை 160 என்று இரட்டிப்பாக எண்ணுவதும் சகஜம்.

நடனப் பகுதிகளில் எண் ஓரளவு நம்பத்தக்கது. முதல் அங்கத்தின் பொலோனேஸும் மசூரும் சீரான அடியில் நடப்பவை. ஆனால் இரண்டும் மூன்றடித் தாளம். மசூரில் அழுத்தம் இரண்டாவது அல்லது மூன்றாவது அடிக்குத் தாவும். டிஜே மென்பொருளோ பெரும்பாலும் நான்கடியை எதிர்பார்ப்பது. வேகத்தைச் சமமாக்கினாலும், நான்கடி ஹவுஸ் நடன இசையின் முதலடியும் மசூரின் முதலடியும் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறைதான் சந்திக்கும்.

வேகத்தை மாற்றினால் கீயும் மாறும் என்பது இசைத்தட்டுக் காலத்துக் கட்டாயம். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 தட்டியக்கி எட்டு சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ விட்டது. ஆறு சதவீதம் கூட்டினாலே அரை ஸ்வரம் ஏறும். இரண்டையும் பிரிக்கும் ஃபேஸ் வோகோடர் முறையை ஃப்ளனகனும் கோல்டனும் 1966லேயே பேச்சொலிக்காக வகுத்திருந்தார்கள். கணினி வந்தபின் அதன் வழித்தோன்றல்கள் ‘கீ லாக்’ பொத்தானாயின. நீண்டு ஒலிக்கும் குரலில் இந்த இழுப்பு சட்டென்று காதில் படும். எனவே ஏரியாவைக் கலப்பவர்கள் பிபிஎம்மை ஒதுக்கிவிட்டு, கீயைக் காதால் சரிபார்த்து, தாளமில்லாத நீள்சுரப் பின்னணிமேல் குரலை மிதக்கவிடுவது வழக்கம். மசூருக்கோ, அடிகளைக் கையால் குறித்து மூன்றடி இசையோடு சேர்ப்பதே பொருந்தும்.