மழலையர் வகுப்பில் கிறிஸ்துமஸ்
(ஜுமுஆ உரை)

 

டிசம்பர் பிறந்துவிட்டால், கரையாம்புத்தூர் போன்ற நம் பாகூர் கொம்யூன் சிற்றூர்களிலும் சில வீடுகளில் ஒரு சங்கடம் எழுகிறது. பள்ளியிலிருந்து துண்டுச் சீட்டு வருகிறது. எல்.கே.ஜி. பிள்ளை வெள்ளையுடையில் தேவதூதராக வரவேண்டும், யு.கே.ஜி. பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புத் தொப்பி. வகுப்பறை மூலையில் குடில், வாசலில் நட்சத்திர விளக்கு, பாட்டு, கேக். ஆசிரியை அன்போடுதான் அழைக்கிறார். அத்தாவோ, "அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் விளங்குவதில்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி அழுகிறது.

அந்தக் குடிலில் இருப்பவர்கள் யார்? நம் பிள்ளைகளுக்கு அந்நியர்களா? அன்னை மர்யம் (அலை) அவர்களின் பெயரால் 98 வசனங்கள் கொண்ட ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இருக்கிறது. பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த அவர்களுக்குக் காலடியில் நீரோடையும், மரத்தை உலுக்கினால் உதிரும் கனிகளும் கிடைத்ததை அது விவரிக்கிறது. ஊரார் பழி பேசியபோது தொட்டில் குழந்தை ஈஸா (அலை) அவர்களே வாய் திறந்து, தாம் அல்லாஹ்வின் அடியார் என்று அறிவித்தார்கள். அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த ஜஅஃபர் (ரலி) அவர்கள், கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஓதிக் காட்டியது இந்த அத்தியாயத்தைத்தான். கேட்ட மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்தது.

இந்த வரலாற்றை வீட்டில் ஒருநாளும் சொல்லாதிருந்துவிட்டு, டிசம்பரில் மட்டும் தடை போடுவது என்ன வளர்ப்பு?

இன்னொரு செய்தி. இன்று நாம் காணும் குடில் வழக்கத்திற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் பிரான்சிஸ் துறவி அமைத்த காட்சி. அவரே அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், எகிப்தின் சுல்தான் அல்மலிக்குல் காமிலைச் சந்திக்கச் சென்றவர். எதிரியின் பாளையத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தும், சுல்தான் அவரைக் கண்ணியமாக நடத்திப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

ஆனால் கண்ணியம் வேறு, வணக்கம் வேறு. ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று போற்றும் பாடலை நம் பிள்ளை பாடலாகாது. குடிலின் முன் கைகூப்பவும் கூடாது. பிற சமயத்தின் அடையாளமான உடைகளையும் உலமாக்கள் தவிர்க்கவே சொல்லியிருக்கிறார்கள். கேக் தந்தால் ஒன்றைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்: பிளம் கேக்கிற்குப் பழங்களை ரம்மில் ஊறவைப்பது உண்டு.

இதற்காகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பாதுகாவலரின் சம்மதமின்றி எந்தச் சிறுவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அப்பிள்ளைகள் பாடவில்லையே தவிர, மற்றவர்கள் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றிருந்தார்கள் என்பதை நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள். அந்த நிற்றலைத்தான் நம் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்பது நமக்கு அல்லாஹ்வின் கட்டளை. வகுப்புத் தோழனின் குடிலைக் கேலி செய்யும் பிள்ளையை உடனே கண்டியுங்கள்.

எனவே சீட்டு வரும்வரை காத்திராதீர்கள். டிசம்பர் முதல் வாரமே தாயும் தந்தையுமாகச் சென்று ஆசிரியையைப் பாருங்கள். "மர்யம் அம்மையாரையும் ஈஸா நபியையும் நாங்கள் மதிக்கிறோம்; வழிபாட்டிலும் வேடத்திலும் மட்டும் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்; நாற்காலி அடுக்கவும் மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று இன்முகத்தோடு சொல்லுங்கள். பெருநாள் வரும்போது அதே ஆசிரியையின் வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் சேமியா பாயசம் அனுப்பி வையுங்கள். பிள்ளையின் கையாலேயே கொடுக்கட்டும்.