கணிப்பொறியின் குரல் ஏன் நின்றது?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆகவே ஒரே ஒரு பழுதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

2019-இல் பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். அங்கே யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ். 'ஆர்கா' என்ற மென்பொருள் திரையில் உள்ளதைப் படிக்கும். அதை 'ஈஸ்பீக்' குரலாக மாற்றும். அந்தக் குரலை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது 'பல்ஸ் ஆடியோ'. தமிழும் பேசும், ஆங்கிலமும் பேசும். செலவு ஏதுமில்லை.

பிரச்சினை என்னவென்றால், திடீர் திடீரென்று குரல் நின்றுவிடும். நமக்குக் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றால் பாட்டு போச்சு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்குச் சத்தம் நின்றால் திரையே இருண்டுபோன மாதிரி. எங்கே இருக்கிறோம், என்ன தட்டினோம், ஒன்றும் தெரியாது. பல்ஸ் ஆடியோ தானாக மறுபடி எழுந்துகொள்ளும். ஆனால் பேச்சு மென்பொருளின் தொடர்பு அறுந்தது அறுந்ததுதான். ஆசிரியர் வந்து லாக் அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும்.

ஒயர் லூஸ் என்று ஹெட்போனை மாற்றிப் பார்த்திருந்தார்கள். வைரஸ் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், "வேகமா அடிச்சாத்தான் சார் போகுது. மெதுவா அடிச்சா ஒண்ணும் ஆகறதில்லை" என்றாள். அதற்கு அவளுக்குக் கிடைத்திருந்த பதில்: "அப்போ மெதுவா அடிம்மா."

எனக்கோ, அன்று கிடைத்த தகவல்களிலேயே மிக உருப்படியானது அதுதான்.

ஒரு புரோகிராம் தன் தவறால் விழுந்தால், விழுந்த இடத்தின் படத்தை 'கோர்' கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள முடியும். ஜிடிபி என்ற கருவியால் அதைத் திறந்தால், எந்த வரியில் விழுந்தது என்று சொல்லும். இங்கே அந்த வசதியைப் போட்டு வைத்தும் கோர் கோப்பு விழவில்லை. லாகைப் பார்த்தேன். 'கில்டு, ஸ்டேட்டஸ் 9' என்றிருந்தது. அதாவது இது தானாகச் சாகவில்லை, யாரோ கொன்றிருக்கிறார்கள். 9 என்ற சிக்னல் வந்தால் எந்தப் புரோகிராமுக்கும் மறுபேச்சுக் கிடையாது, கோர் கோப்பும் கிடையாது.

கொன்றது யார்? மூன்று பேர் மேல் சந்தேகம். ஒன்று, மனிதர்கள். பிள்ளைகள் யாரும் அந்தக் கட்டளையைத் தரவில்லை. இரண்டு, மெமரி தீர்ந்தால் கெர்னலே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும். அப்படிக் கொன்றால் கெர்னல் லாகில் எழுதி வைக்கும். அங்கே ஒன்றும் இல்லை. மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஒலி விட்டுவிட்டு வரக்கூடாது என்பதற்காக, ஒலியை அனுப்பும் திரெடுக்கு 'ரியல்டைம்' முன்னுரிமை தருவார்கள். ஆம்புலன்ஸுக்கு எல்லா வண்டியும் ஒதுங்குகிற மாதிரி. ஆனால் ஆம்புலன்ஸே நடுரோட்டில் நின்றுவிட்டால்? மௌஸ்கூட அசையாது. அதனால் 2008-இல் வந்த 2.6.25 கெர்னலில் ஒரு வரம்பு வைத்தார்கள். ரியல்டைம் முன்னுரிமையில் ஓடும் புரோகிராம் இடையில் ஒரு கணமும் நிற்காமல் இவ்வளவு நேரத்துக்கு மேல் சிபியூவைப் பிடித்து வைத்திருந்தால், கெர்னல் கொன்றுவிடும். அந்தக் கம்ப்யூட்டர்களில் பல்ஸ் ஆடியோவுக்கு இருந்த வரம்பு 2,00,000 மைக்ரோ செகண்ட். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

சந்தேகம் இருந்தால் போதாது, சோதனை வேண்டும். ரியல்டைம் முன்னுரிமையை மட்டும் நிறுத்திவிட்டு அந்த மாணவியை வேகமாக அடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் அடித்தாள். ஒரு தடவையும் சாகவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டது.

ஆனால் குரல் திக்கித் திக்கி வந்தது. இங்கேதான் பலரும் நின்றுவிடுவார்கள். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பி போடுவோமே, அது மாதிரி. ஃபியூஸ் போகாது, ஒயர் எரியும். வரம்பைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அந்த திரெடு ஐந்தில் ஒரு நொடி நிற்காமல் அப்படி என்ன வேலை செய்கிறது என்று தேட வேண்டும்.

விடை கான்ஃபிகரேஷன் கோப்பில் இருந்தது. ஈஸ்பீக் குரல் நொடிக்கு 22,050 சாம்பிள். சவுண்டு கார்டு 48,000-இல் ஓட வைக்கப்பட்டிருந்தது. ஒன்றை மற்றதாக மாற்றக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கின் தரத்தை 0 முதல் 10 வரை தேர்ந்தெடுக்கலாம். யாரோ ஒருவர், பிள்ளைகளுக்கு நல்ல சத்தம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் 10 வைத்திருந்தார். பழைய ஆட்டம் பிராசஸருக்கு அது பாறாங்கல்.

வேகமாக அடித்தால் மட்டும் ஏன்? பல்ஸ் ஆடியோ 2 நொடிக்குரிய ஒலியை முன்கூட்டியே எழுதி வைக்க முயலும். புது ஒலி வந்தால், எழுதியதை அழித்துவிட்டு, புதியதையும் கலந்து மறுபடி எழுதும். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் பழைய பேச்சு வெட்டப்பட்டுப் புதிய பேச்சு தொடங்கும். வேகமாகத் தட்டினால் கரும்பலகையை அழித்து அழித்து எழுதுகிற வேலை மூச்சுவிடாமல் நடக்கும். ஐந்தில் ஒரு நொடி கடந்ததும் கெர்னல் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் பெண் சொன்னது அட்சரசுத்தமாக உண்மை!

தீர்வு இரண்டே வரி. தரத்தை 10-லிருந்து 1-க்கு இறக்கினேன். கார்டை 44,100-க்கு மாற்றினேன். அது 22,050-க்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் கணக்கு சுலபம். பேச்சுக் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரியல்டைம் முன்னுரிமையையும் வரம்பையும் பழையபடி வைத்தேன். பிறகு அவளையே உட்காரவைத்துச் சோதித்தோம். குரல் நிற்கவில்லை.

இன்று பல லினக்ஸ்களில் பல்ஸ் ஆடியோவின் இடத்துக்கு 'பைப்வயர்' வந்துவிட்டது. ஃபெடோரா 2021-லும், உபுண்டு 2022-லும் மாறின. அதிலும் இதே மாதிரி நேர வரம்பு உண்டு. ஆகவே இந்தப் பாடம் பழசாகவில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் பழுது உங்களைத் தேடி வரும். விழுந்ததா, கொல்லப்பட்டதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இயந்திரத்தை நாள்தோறும் பயன்படுத்துகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவருக்கு நம் கலைச்சொற்கள் தெரியாமல் இருக்கலாம், பழுது எப்போது வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளையிடம் மெதுவாகத் தட்டச் சொல்வது தீர்வாகாது. அவள் வேகத்துக்கு இயந்திரத்தை ஈடுகொடுக்க வைக்கத்தான் இந்தக் கல்லூரி நமக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தது.