மூட்டை மறையலாம், உழைப்பாளியின் உரிமை மறையக் கூடாது

(திருவனந்தபுரத்தில் சுமைப்பணித் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



கழக்கூட்டத்தில் உள்ள இந்திய உணவுக் கழகக் கிடங்கில் லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு 50 கிலோ மூட்டையும் ஒரு தொழிலாளியின் தலையிலோ முதுகிலோ ஏறித்தான் அடுக்குக்குச் செல்கிறது. கேரளம் உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வருவது. ரயில் பெட்டிக்கும் ரேஷன் கடைக்கும் இடையே அந்த அரிசியைச் சுமப்பவர்கள் இந்தத் தொழிலாளர்களே.

பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் வேறொரு காட்சி. அங்கே 2 லட்சம் டன் கொள்ளளவுள்ள அதானி குழுமத்தின் சைலோக்கள் நிற்கின்றன. கோதுமை மூட்டையாக வருவதில்லை. வண்டி எடைமேடையில் ஏறுகிறது, மாதிரி எடுக்கப்படுகிறது, வண்டி சாய்க்கப்பட்டு தானியம் குழியில் கொட்டுகிறது, கன்வேயர் அதைச் சுத்திகரிப்புக்கும் பின்னர் கலனுக்கும் கொண்டு செல்கிறது. தனி வகை ரயில் பெட்டிகளில் சென்னை, கோவை வரை அது மூட்டையின்றியே பயணிக்கிறது. முதுகு வளையவில்லை, கூலியும் இல்லை.

இயந்திரம் எதிரியா?

அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, வயது வந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது எனப் பரிந்துரைத்தது. கழுத்தெலும்பும் முதுகெலும்பும் தேய்ந்து ஐம்பது வயதிலேயே முடங்கும் வாழ்க்கையைப் பாதுகாக்க வேண்டிய மரபாக எந்தத் தொழிற்சங்கமும் கருதாது. இயந்திரத்தையும், அது முதலாளித்துவ முறையில் பயன்படுத்தப்படுவதையும் பிரித்தறிய வேண்டும் என்பதே மார்க்ஸ் கற்பித்த பாடம். ஆகவே கேள்வி இதுதான்: கலன் யாருடையது? மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்கு?

மோகாவில் விடை தெளிவாகவே இருந்தது. குறிப்பிட்ட அளவு பயன்பாட்டுக்கு உறுதியளித்து, உணவுக் கழகம் தனியாரிடம் கலனை வாடகைக்கு எடுத்தது. இடர்ப்பாடு பொதுத்துறைக்கு, வருமானம் கார்ப்பரேட்டுக்கு. 2020இல் வேளாண் சட்டங்களை எதிர்த்த விவசாயிகள் அந்த சைலோவின் வாயிலில் முற்றுகையிட்டு அமர்ந்தது தற்செயல் அல்ல. 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் பணியைத் தொடங்கிய ஒரு பொது நிறுவனத்தின் கிடங்குப் பணி தனியார் கைக்கு மாறுவதை அவர்கள் கண்டுகொண்டனர்.

விவசாயிக்கு இன்னொரு அச்சமும் உண்டு. நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பு என்ற ஒற்றை எண் எத்தனை பேரைக் கொள்முதல் நிலைய வாசலில் காக்க வைக்கிறது என்பதைக் காவிரிப் படுகை அறியும். நாளை அந்த எண்ணை மூடிய பெட்டிக்குள் இருக்கும் கருவி சொல்லும்போது, அதைச் சரிபார்க்கும் உரிமை விற்பவருக்கு வேண்டும்.

கேரளத்தின் அனுபவம்

1978ஆம் ஆண்டின் கேரள சுமைப்பணித் தொழிலாளர் சட்டம், சிதறிக் கிடந்த உழைப்பாளிகளுக்குப் பதிவும் நல நிதியும் தந்தது. வேலை செய்யாமலே கேட்கப்பட்ட நோக்குக்கூலி 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டது. உழைக்காத கூலியைக் கைவிட்ட இயக்கத்துக்கு, உழைத்தவரின் எதிர்காலத்தைக் கேட்கும் தார்மீக வலிமை உண்டு.

ஆனால் நல நிதிக்கு வரும் லெவி, சுமக்கும் கூலியோடு பிணைக்கப்பட்டது. மூட்டை மறைந்தால் கூலி மறையும். கூலி மறைந்தால் நிதியும் வற்றும். முப்பது ஆண்டு சுமந்தவரின் ஓய்வூதியம் கேள்விக்குறியாகும். எனவே மூன்று கோரிக்கைகள் முன்வைக்கப்பட வேண்டும்.

ஒன்று, இயந்திரம் இறக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் லெவி வசூலித்து நல நிதியில் சேர்க்க வேண்டும். இரண்டு, எடைமேடை, மாதிரி எடுப்பு, கன்வேயர் இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றில் இப்போதைய தொழிலாளர்களுக்கே, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, பயிற்சியுடன் முன்னுரிமை வேண்டும். மூன்று, கலன்கள் பொதுத்துறையிலோ கூட்டுறவிலோ இருக்க வேண்டும். எடையும் ஈரப்பதமும் அனைவரும் காணும் திரையில் தெரிய வேண்டும்.

இன்று சைலோக்கள் பெரும்பாலும் கோதுமைக்கானவை. கேரளத்துக்கு வருவதோ பெரும்பாலும் அரிசி. அதனால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. எனினும் பீகாரின் பக்சாரிலும் கைமூரிலும் அரிசி சைலோக்களுக்கு ஏற்கெனவே திட்டமிடப்பட்டுவிட்டது. கலன் எழுந்த பின் பேரம் பேச முடியாது. அடித்தளம் தோண்டும் முன்பே தொழிலாளியும் விவசாயியும் ஒரே மேடையில் நின்று பேசியாக வேண்டும்.