இயக்கம் கற்கக் கடல் கடப்போர்க்கு
(நாகர்கோவிலில் மாணவர்முன் ஆற்றிய உரை)



திரைப்பட இயக்கம் கற்க அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் வேட்கையை இற்றை நாஞ்சில் இளைஞர் பலரிடம் காண்கிறேன். வயலை ஒற்றிவைத்தேனும் அனுப்ப முன்வரும் பெற்றோரும் உளர். ‘போகாதே’ எனத் தடுக்க யான் வரவில்லை. கலையறிவு எந்நாட்டில் இருப்பினும் கொள்ளத்தக்கதே. ஆயின், கொண்டுவருவதை எம்மொழியில் வழங்கப் போகிறீர்கள்? இதுவே என் வினா.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற எல்லிசு டங்கன் என்னும் அமெரிக்கர், உடன்பயின்ற மாணிக்கலால் தாண்டனின் அழைப்பால் 1935-இல் இந்தியா வந்தார். 1936-இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’யை இயக்கினார். நம் ஒழுகினசேரிக் கலைவாணர் என். எசு. கிருட்டிணனும் அதில் நடித்தார். மேடை நாடகத்தை அசையாக் கருவிமுன் நிறுத்திப் படமெடுத்த காலம் அது. கருவியை நகர்த்தவும், முகத்தை அணுகிக் காட்டவும், மிகைநடிப்பைக் குறைக்கவும் வழிகாட்டியவர் டங்கன். அந்நன்றியை மறப்பது தமிழர்க்கு அழகன்று.

ஆனால், 1950 வரை ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் தமிழ்ப்படம் எடுத்த அவர், தமிழ் அறியாதவர்! உரையாடலை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரச்செய்தும், துணைவரின் வாய்வழிக் கேட்டும் இயக்கினார். 1937-இல் வந்த ‘அம்பிகாபதி’யின் காதற்காட்சியில் ரோமியோ–சூலியட்டின் சாயல் படிந்தது. கம்பர் மகன் கதைக்கு இத்தாலிய மாடம் எதற்கு? அப்படத்தைத் தமிழ்ப்படமாகத் தாங்கி நிறுத்தியது இளங்கோவனின் உரையாடலே.

மற்றொருவரைப் பாருங்கள். கோட்டையூரினரான ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை கற்றார். அஃது இயக்கப் படிப்பன்று என்பீர், ஆகுக. பின்னர் உலகெங்கும் அலைந்து, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள் ஏறத்தாழ 50,000 அடி திரட்டினார். 1940-இல் அதனை ஆவணப்படமாக்கித் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். 1943-இல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கித் தாம் கண்டதையும் கற்றதையும் தமிழர்க்குத் தமிழிலேயே தந்தார்.

நம் கலைவாணரோ எப்பல்கலைக்கழகத்தையும் மிதித்திலர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், வில்லுப்பாட்டில் தோய்ந்தவர். 1951-இல் ‘மணமகள்’, 1952-இல் ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கினார். ஒரு சொல்லை எங்கே நிறுத்தினால் அவை சிரிக்கும் என்பதை வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் அறிவான். அயல்நாட்டு வகுப்பறை அதனைக் கற்பிக்க மாட்டாது.

ஆகலின், செல்லுமுன் ஓராண்டேனும் நம் கொடைவிழா வில்லுப்பாட்டையும், குளச்சற் கடற்கரைப் பேச்சையும், தோவாளைப் பூச்சந்தையின் விலைப்பேச்சையும் செவிகொடுத்துக் கேளுங்கள். அங்கே பயிலுங்கால், ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு கலைச்சொல்லின் அருகிலும் தமிழ்ச்சொல்லை எழுதுங்கள். ‘குளோசப்’ என்பதை அணுக்கக்காட்சி என்றும், ‘எடிட்டிங்’ என்பதைப் படத்தொகுப்பு என்றும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பிவந்ததும் அக்குறிப்பேட்டை நூலாக்கி வெளியிடுங்கள். ஒற்றிவைக்க வயலே இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதனைப் படிக்கட்டும்.