பலகையின் இரு பக்கமும் சேர



செப்புத் தகடு ஒட்டிய பலகையில் கோடு வரைந்து, பெரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்யும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது இடம் போதாமல், இரு பக்கமும் செம்பு உள்ள பலகையை வாங்குகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பார்வைக்கு எல்லாம் சரி; ஆனால் பலகை வேலை செய்யாது. "காசைக் கரியாக்கினாயே" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், துளைகளைப் பாருங்கள்.

பலகையின் கனம் சாதாரணமாக 1.6 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கத்துச் செம்பும் 0.035 மில்லிமீட்டர்தான். நடுவில் இருப்பது கண்ணாடி இழையும் பிசினும். அதில் மின்சாரம் ஓடாது. துளை போட்டால் நம் கண்ணுக்கு வழி தெரியும். மின்சாரத்துக்கு அது வழியன்று. தொழிற்சாலையில் துளையின் உட்சுவரிலும் செம்பைப் படியவைத்து முலாம் பூசிவிடுகிறார்கள். மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், துளைக்குள்ளும் பளபளப்பு இருக்கும் என்பார். வீட்டுப் பலகையில் அது கிடையாது.

அப்படியானால் சோல்டரை உருக்கித் துளையில் விட்டால் போதாதா? போதாது. உருகிய சோல்டர் செம்பில்தான் ஒட்டும். இழைச் சுவரில் அது சேம்பிலைத் தண்ணீர்தான். மேலே மூடியதுபோல் தெரியும். உள்ளே இடைவெளி இருக்கும்.

ஆகவே துளைக்குள் ஒரு கம்பி போக வேண்டும். 0.8 மில்லிமீட்டர் துளைக்கு, ஈயம் பூசிய 0.6 மில்லிமீட்டர் செப்புக் கம்பி பொருந்தும். ரெசிஸ்டரின் வெட்டிய காலும் உதவும். ஒரு துண்டை மட்டும் விட்டுச் சூடேற்றினால், மறுபக்கம் வைக்கும்போது நழுவி விழும். பொத்தான் தைக்கிறோமே, அதுபோல் ஒரே நீளக் கம்பியை வரிசையாகப் பல துளைகளில் மேலும் கீழும் கோத்துவிடுங்கள். இரு பக்கமும் சோல்டர் வைத்த பிறகு, இடைக் கம்பிகளை வெட்டிவிடலாம். வெட்ட மறந்த ஒரு தையல், சேரக் கூடாத கோடுகளைச் சேர்த்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் செம்பு விரைவில் கறுக்கும். முதலில் பென்சில் அழிப்பானால் தேய்த்துக்கொள்வது நல்லது.

ரெசிஸ்டரின் காலையே இரு பக்கமும் பற்றவைத்தால் தனிக் கம்பி தேவையில்லை. ஐசி சாக்கெட்டில் இந்தத் தந்திரம் பெரும்பாலும் பலிக்காது. அதன் உடல் மேற்பக்கத்துச் செம்பை மறைத்துக்கொள்வதால், சோல்டரிங் அயன் உள்ளே நுழையாது. வரைபடம் போடும்போதே இணைப்புத் துளையைச் சாக்கெட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள். என்னைக் கேட்டால், பாதி வேலை இந்த யோசனையில்தான் இருக்கிறது.

உறுப்புகளைப் பொருத்தும் முன்பே ஒவ்வொரு துளையையும் சோதித்துவிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் இரண்டு டார்ச் பேட்டரியும் ஒரு டார்ச் பல்பும் போதும். மேற்பக்கம் ஒரு கம்பி, கீழ்ப்பக்கம் ஒரு கம்பி தொட்டதும் பல்பு எரிய வேண்டும். துளைக் கம்பியை மெல்ல அசைத்தும் பாருங்கள். வெளிச்சம் துடித்தால் அந்த இடத்தை மறுபடி சூடேற்றுங்கள்.

சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும். சாதாரணச் சோல்டரில் ஈயம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வைக்கச் சொல்லுங்கள். வெட்டி விழுந்த கம்பித் துண்டுகளையும் அப்போதே பெருக்கி எடுத்துவிடட்டும், வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம்.