எழுத்தால் வரும் உபவருமானம்



அண்மையில் ஓர் இளம் ஆசிரியர் என்னைக் காண வந்தார். நன்றாகக் கதை எழுதக்கூடியவர். இரண்டு பிள்ளைகளின் தந்தை. சம்பளப் பணம் மாதத்தின் இருபதாம் நாளைத் தாண்டுவதில்லை என்றார். "ஐயா, எழுதினால் ஏதாவது வருமா?" என்று கேட்டார், கேட்டதும், தகாததொன்றைக் கேட்டுவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். கலைமகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு காசைப் பற்றிப் பேசலாமா என்னும் கூச்சம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. பாடிப் பரிசில் பெற்ற புலவர்களின் வழிவந்த நமக்கு இக்கூச்சம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ, நான் அறியேன்.

அவருக்கு நான் ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்றிருக்கின்றேன்.

1875ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இலங்கையில் வந்திறங்கினார் ஆங்கில எழுத்தாளர் ஒருவர். அப்போது இங்கே தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிரெகரி அவருடைய பள்ளித் தோழர். வந்தவரின் பெயர் அந்தனி திறொலப். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். ஆனால் 1834 தொடக்கம் 1867 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், அவர் பிரித்தானியத் தபாற் பகுதியின் உத்தியோகத்தர். வீதியோரத்திலே தபாற் பெட்டிகளை நாட்டும் வழக்கம் அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்ட சானல் தீவுகளில் 1852இல் தொடங்கியதும் இவருடைய ஆலோசனையின் பேரிலேயாம்.

அவர் மறைந்த பின், 1883இல், அவரது சுயசரிதை வெளியாயிற்று. அதன் இறுதியில் தம் ஒவ்வொரு நூலும் தமக்கு ஈட்டித்தந்த தொகையைப் பலசரக்குக் கடைப் பேரேடு போல வரிசையாக எழுதி, அடியிலே கூட்டுத்தொகையும் இட்டிருந்தார்: 68,939 பவுண், 17 சிலிங், 5 பென்ஸ். அந்த ஐந்து பென்ஸையும் விடவில்லை! இலக்கிய உலகம் முகஞ்சுளித்தது. கலைஞன் இப்படிக் கணக்குப் பார்ப்பானா என்று கேட்டவர்கள் பலர்.

ஆனால் அக்கணக்கின் தொடக்கத்தைப் பாருங்கள். இளமையில் ஆண்டுக்கு 90 பவுண் சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர் அவர். தையற்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 12 பவுண் வட்டிக்காரர் கைக்கு மாறி, முடிவில் 200 பவுணுக்கு மேல் விழுங்கிற்று. முதல் நாவலை 1843இல் எழுதத் தொடங்கினார். 1847இல் அது வெளியானபோது ஒரு காசும் வரவில்லை. இரண்டாவது நாவல் 375 பிரதிகள் அச்சாகி 140 விலைபோயிற்று, நட்டம் வெளியீட்டாளருக்கு. மூன்றாவதற்கு 20 பவுண் கிடைத்தது. அது தாம் உழைத்துப் பெற்ற பணமேயன்று என்று அவரே ஒதுக்கிவிட்டார். நியாயமாக எழுத்தால் ஈட்டியதென்று அவர் ஒப்புக்கொண்ட முதற் பணம் 1855ஆம் ஆண்டின் முடிவில் வந்தது. எவ்வளவு? 9 பவுண், 8 சிலிங், 8 பென்ஸ். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் முதல் விளைச்சல் அது.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவருடைய வீட்டு அடுப்பை எரித்தது தபாற் கந்தோர்ச் சம்பளம். அதனாலேதான் அவர் எழுத்தைக் கைவிடாதிருக்க முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. 1858இல் உத்தியோக அலுவலாக எகிப்துக்குப் புறப்படும் வேளையில், ஒரு நாவலுக்கு 400 பவுண் தருவதாக ஒப்புக்கொண்ட வெளியீட்டாளர் மறுநாளே வந்து, 300தான் தரமுடியும் என்றார். சம்பளமற்ற எழுத்தாளன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? முந்நூறை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். திறொலப் விரைந்து இன்னொரு நிறுவனத்தின் படியேறினார். நானூறு பவுண் கிடைத்தது. உபவருமானம் என்பதன் உண்மையான வலிமை இதுவென்றே நான் கருதுகின்றேன். இன்று அரிசி வாங்க இந்தப் பணம் வேண்டும் என்ற நிலை இல்லாதபோது, நாம் விலையும் பேசலாம், வேண்டாமென்றும் சொல்லலாம்.

சரி, நாள் முழுவதும் உத்தியோகம் பார்த்தவருக்கு எழுத நேரம் ஏது? தபாற் பரிசோதனைக்காக ஊரூராய் அலைந்த காலத்தில், புகையிரதப் பெட்டியில் மடிமீது பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். பின்னர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். எட்டரை வரை எழுத்து. அதன் பின்பே உணவும் உத்தியோகமும். மணிக்கூட்டை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் என்று எண்ணி எழுதினார். எகிப்துக்குப் போன கப்பலிலே குமட்டல் வந்தபோதும், தாள்களை மேசையில் விட்டுவிட்டு அறைக்கு ஓடினாராம். திரும்பி வந்து தொடர்ந்தாராம். அங்கே ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார். இவ்வளவு கண்டிப்பு எல்லாருக்கும் பொருந்துமென்று நான் சொல்லமாட்டேன். கவிதை எழுதுவோர் மணிக்கூட்டை மறைத்து வைப்பதே நலம்.

விடியற்காலையில் அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்கக் குதிரைப் பராமரிப்பாளரான முதியவர் ஒருவர் இருந்தார். அதற்காக ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தம் வெற்றிக்கு வேறெவரைக் காட்டிலும் அம்முதியவருக்கே கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கின்றார். ஆனால் புகையிரதத்தில் பென்சிலால் எழுதியதையெல்லாம் படியெடுத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி றோஸ். எழுப்பியவருக்கு ஐந்து பவுண். படியெடுத்தவருக்கு அந்தப் பேரேட்டில் ஒரு வரியுமில்லை. என் வீட்டு நிலையை நினைத்துப் பார்த்தபோது, திறொலப்பைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

நம் நாட்டு நிலை வேறு. இலங்கையர்கோன் காரியாதிகாரியாய் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சிறுகதையும் வானொலி நாடகமும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் சிகையலங்கரிப்பு நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகையைத் தொடங்கி, சஞ்சிகையைத் தாமே கையிற் கொண்டு சென்று விற்றார். இங்கே பெரும்பாலும் எழுத்து வீட்டைக் காப்பதில்லை. வீட்டு வருமானமே எழுத்தைக் காக்கிறது. ஐந்நூறு பிரதிகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் அன்பர்கள் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று மொய் எழுதுவது போல வாங்கிச் செல்ல, மீதியைக் கட்டிலின் கீழே அடுக்கி வைப்பவர்களை நாம் அறிவோம். நானே ஒரு சஞ்சிகைக்கு மூன்று கட்டுரைகள் எழுதிச் சன்மானத்தை எதிர்பார்த்திருந்தபோது, ஆண்டுச் சந்தாவை அனுப்பும்படி எனக்கே கடிதம் வந்தது. அனுப்பினேன் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

ஆகையால் அந்த இளைஞருக்கு நான் சொன்னது இவ்வளவே: ஆசிரியத் தொழிலை விடவேண்டாம். இந்த ஆண்டு எழுத்துப் பணத்தை நம்பிக் கடன்படவேண்டாம். ஆனால் எழுதி அனுப்பும்போது சன்மானம் உண்டா, எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அதிலே வெட்கமில்லை. பாடநூற் பயிற்சிகள், மொழிபெயர்ப்பு, வானொலிச் சித்திரம் போன்றவற்றைக் கதையினும் தாழ்ந்தவை என்று தள்ளாதீர்கள். வந்ததையும் தாள், தபால், அச்சுக்குச் சென்றதையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். படியெடுப்பவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். படலையைத் திறந்து வெளியேறும்போது, தம் வீட்டில் ஐந்து மணிக்கு விழிப்பவர் தாயார் ஒருவரே என்றும், எழுப்பிவிடச் சொன்னால் அவர் ஐந்து பவுண் கேட்கமாட்டார், ஆனால் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தரச் சொல்வார் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார்.