'சண்டைக்கு லாயக்கில்லை'ன்னு கலைச்ச பட்டாலியன்

வழக்கம்போல தி.நகர் வீட்டு மாடியில இருந்துதான் ரெக்கார்டிங். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு வடநாட்டு நண்பர் சொன்னார்: "நீங்க மெட்ராஸ்காரங்க கோடு எழுதுங்க, சண்டையெல்லாம் எங்க வேலை." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்துச்சு.

அந்த ஜோக்குக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியா இருந்தவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். தென்னிந்தியச் சிப்பாய் போருக்கு ஆகமாட்டான் என்பது அவர் முடிவு. அடுத்து மொத்த இந்தியாவுக்கும் அவரே தளபதி. சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர்தான் 'போர்க்குடிகள்'னு ஆள் சேர்ப்பு வடக்கே நகர்ந்தது.

தெற்கே ரொம்ப காலமா பெரிய போரே இல்லை. போர் இல்லாததால அனுபவம் இல்லை. அனுபவம் இல்லைன்னு ஆள் குறைப்பு. குறைச்சதால அடுத்த போருக்கும் வாய்ப்பு குறைவு. நம்ம தொழில்ல இதுக்குப் பேர் ஃபீட்பேக் லூப்.

1920களில், இந்த தி.நகர் உருவாகிட்டிருந்த அதே வருஷங்களில், மெட்ராஸ் காலாட்படை பட்டாலியன்களை ஒவ்வொன்றா கலைச்சாங்க. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பத்தாமப் போனதும், அதே ஊர்கள்ல இருந்து திரும்பக் கூப்பிட்டாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் பர்மா வரைக்கும் போய்ச் சண்டை போட்டது.

இப்போ 1979க்கு வருவோம். இந்திய ராணுவம் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட்டை உருவாக்குது. டாங்கிகளுக்கு ஈடு கொடுத்து கவச வண்டியிலேயே போய், தேவைப்படும் இடத்தில் இறங்கிச் சண்டை போடுற படை. பிஎம்பி-1 வண்டியில ஓட்டவும் சுடவும் மூணு பேர், பின்னாடி எட்டு வீரர்கள். தண்ணியிலயும் மிதந்து போகும். இதை முன்னின்று உருவாக்கியவர் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி. பழைய ரெஜிமென்ட்களிலிருந்து பட்டாலியன்களை எடுத்து மாத்தினாங்க. அதில் ஒன்றாம் எண் பட்டாலியன் எது தெரியுமா? 1 மெட்ராஸ். ஜாட், கூர்க்கா, சீக்கியப் பட்டாலியன்கள் அதுக்கு அடுத்த எண்கள்ல வந்தன.

எண் ஒன்றுன்னா முதல் ரேங்க்னு அர்த்தமில்லை. "நாங்களும் வீரப் பரம்பரைதான்"னு நண்பர்கிட்ட மார்தட்டவும் எனக்கு மனசில்லை. அப்படிச் சொன்னா ராபர்ட்ஸ் போட்ட ஃபில்டரை நானும் ஏத்துக்கிட்டு, அதுல நம்ம பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேக்குற மாதிரி ஆயிடும். தப்பு அந்த ஃபில்டர்லதான். இந்த ரெஜிமென்ட்டில் பிறகு புதுசா எழுப்பின பட்டாலியன்களில் எல்லா மாநிலத்தாரும் கலந்தே இருக்காங்க.

நாளைக்கு டீ பிரேக்ல அவர்கிட்ட இதைத்தான் சொல்லப்போறேன். என்ன பதில் வந்ததுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.